உடம்பு சொல்லும் கணக்கு – 9: ஒரு குவார்ட்டர்தானே!

போன வாரம் கல்லீரலோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் நரம்பு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு திருநாவலூர் பக்கம் ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: "பாக்கெட் சாராயம்தாங்க விஷம். கடைச் சரக்கு ஒண்ணும் பண்ணாது."

முதல் பாதி சரிதான். மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக்கிவிடும். அந்த அமிலம் செல்களை ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாது. அதில் சீக்கிரம் அடிபடுவது பார்வை நரம்பு. குடித்தவுடன் எதுவும் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, கண்மங்கல் எல்லாம் வரும். அதற்குள் அதே சரக்கைப் பக்கத்து வீட்டுக்காரரும் குடித்திருப்பார். திருநாவலூரில் பிறந்த சுந்தரர், இழந்த பார்வையைக் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணுமாகத் திரும்பப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். மெத்தனால் குடித்தவருக்கு மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால்தான் கண் பிழைக்கும்.

இரண்டாவது பாதிக்கு வருவோம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அது மிதமிஞ்சிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். சனிக்கிழமை ராத்திரி நம்மவர்கள் குவார்ட்டரோடு எழுந்துவிடுகிறார்களா என்ன? கல்லீரலால் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்க முடியும். பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவர் விடிகாலை ஐந்து மணிக்கு உளுந்தூர்பேட்டை நாற்கரச் சாலையில் பைக் ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம்.

போதையில் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப்போட்டபடி தூங்கிவிடுகிறார் ஒருவர். காலையில் மணிக்கட்டு தொங்குகிறது. டீ கிளாஸைப் பிடித்துத் தூக்க முடியவில்லை. பக்கவாதம் என்று வீடே அலறுகிறது. மேல்கையில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு மணிக்கணக்கில் நசுங்கியதன் விளைவு இது. சாதாரணத் தூக்கத்தில் கை மரத்தால் புரண்டு படுப்போம். போதை அந்த எச்சரிக்கையை அணைத்துவிடுகிறது. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் இது பக்கவாதம் இல்லை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமே முடிவு செய்யக்கூடாது.

"நான் அப்படிப் பேசவே இல்லை" என்று மறுநாள் சாதிப்பவரும் பல நேரம் பொய் சொல்வதில்லை. வேகமாக ஏறும் ஆல்கஹால், மூளையில் நினைவைப் பதியவைக்கும் பகுதியை நிறுத்திவிடுகிறது. பேச்சு நடக்கும், சண்டையும் நடக்கும். பதிவு மட்டும் இருக்காது.

மாலை போட்டுக் குடியை நிறுத்துவது நம் பக்கத்துப் பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கலாம். அதைப் பேய் பிடித்ததாக நினைத்துக் கோயிலில் கட்டிப்போட்டால் உயிர்கூடப் போகும். உங்கள் வீட்டில் காலையில் கை நடுங்கும் ஒருவர் இருந்தால், மாலை போடுவதற்கு முன் அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வலிப்போ பிதற்றலோ ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.