லாக்4ஜே கற்றுத் தந்த பாடம்: உங்கள் சர்வரில் எந்த ‘ஜார்’ ஓடுகிறது?

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. வார இறுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஐடி குழுக்களிடம் உலகெங்கும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: “நம்ம சர்வர்ல லாக்4ஜே இருக்கா?”

‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடிய வேண்டிய கேள்வி. ஆனால், பதிலைக் கண்டுபிடிக்கப் பல நிறுவனங்களுக்கு நாட்கள் அல்ல, வாரங்கள் பிடித்தன. ஏன்?

என்ன நடந்தது?

ஒரு நிரல் ஓடும்போது நடப்பதையெல்லாம் குறித்துவைக்க ஜாவா நிரலாளர்கள் பயன்படுத்தும் இலவச நூலகம்தான் லாக்4ஜே. அதன் இரண்டாம் பதிப்பில் பெரிய ஓட்டை இருந்தது. ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுதப்பட்ட வரியை அது பதிவு செய்ய நேர்ந்தால், அந்த வரி காட்டும் வெளி சர்வரிலிருந்து நிரலை இறக்கி இயக்கிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் சாட் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே, பாதிப்புள்ள சர்வர் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஓட்டையின் தீவிரத்துக்கு 10-க்கு 10 மதிப்பெண் தரப்பட்டது.

அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழு நவம்பர் 24-ம் தேதியே இதை அப்பாச்சி அறக்கட்டளைக்குத் தெரிவித்திருந்தது. விஷயம் வெளியே பரவிய சமயத்திலேயே திருத்தப்பட்ட பதிப்பும் வந்துவிட்டது. ஆக, மருந்து கையில் இருந்தது. நோய் எந்தக் கம்ப்யூட்டரில், எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

ஜார், கிளாஸ்பாத் என்றால் என்ன?

ஜாவா நிரல், ‘கிளாஸ்’ எனப்படும் சிறு சிறு துண்டுகளால் ஆனது. பல கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிய பொட்டலம்தான் ஜார். உண்மையில் அது ஜிப் கோப்புதான், கடைசிப் பெயர் மட்டும் வேறு. நிரல் ஓடும்போது ஒரு கிளாஸ் தேவைப்பட்டால், அதை எங்கெல்லாம் தேட வேண்டும் என்று ஜாவாவுக்குச் சொல்லும் பட்டியலே கிளாஸ்பாத்.

லினக்ஸ், மேக் உள்ளிட்ட யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இந்தப் பட்டியலின் முகவரிகளுக்கு இடையே முக்கால்புள்ளி போட வேண்டும், விண்டோஸில் அரைப்புள்ளி. கோப்புறையின் பெயரை மட்டும் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஜார்கள் சேராது. ‘நான்தான் கோப்புறையைக் கொடுத்தேனே, ஏன் கிளாஸைக் காணோம்னு சொல்லுது?’ என்று புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். ஜாவா 6 முதல், கோப்புறைப் பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் அதிலுள்ள எல்லா ஜார்களும் சேரும். ஆனால், உள்கோப்புறைகள் சேராது. கட்டளை வரியில் அந்தக் குறியை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், ஜாவாவுக்குப் போவதற்கு முன் ஷெல்லே அதை விரித்துவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. ‘ஜாவா ஜார்’ என்ற தெரிவுடன் ஒரு ஜாரை நேரடியாக ஓட்டினால், நீங்கள் தரும் கிளாஸ்பாத்தையும், சூழல் மாறியில் வைத்திருப்பதையும் ஜாவா கண்டுகொள்ளாது. அந்த ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பு சொல்வதுதான் சட்டம்.

ரெண்டு ஜார் இருந்தா எது ஜெயிக்கும்?

பட்டியலில் முதலில் வருவது ஜெயிக்கும். ஜாவா கிளாஸின் பெயரை மட்டுமே பார்க்கும். அது எந்தப் பதிப்பு என்று கேட்காது. ஒரே நூலகத்தின் பழைய ஜாரும் புதிய ஜாரும் ஒரே கோப்புறையில் இருந்து, நட்சத்திரக் குறியால் அழைக்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். அப்போது எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில் சரியாக ஓடியது சர்வரில் தடுமாறலாம்.

லாக்4ஜே விவகாரத்தில் இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அல்ல, நேரடி ஆபத்து. “புதுசைப் போட்டாச்சு” என்று நிம்மதியாக இருப்பார்கள். பழசை எடுத்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருப்பது பழசாகவே இருக்கலாம்.

பொதுவில் வைப்பதா, தனித்தனியாகவா?

ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தால், தண்ணீர் கெட்டுப்போகும்போது அந்த ஒரு தொட்டியைக் கழுவினால் போதும். ஒவ்வொரு வீட்டிலும் டிரம்மில் பிடித்து வைத்திருந்தால், எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.

டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் முதல் வழியில் நடக்கின்றன. பல நிரல்களுக்கும் பொதுவான ஜார்கள் ‘யுஎஸ்ஆர்’ கோப்புறைக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘ஜாவா’ என்ற ஒரே இடத்தில் இருக்கும். பதிப்பு எண்ணோடு ஒரு கோப்பு, எண் இல்லாத பெயரில் அதைச் சுட்டும் ஓர் இணைப்பு என்பது அங்கே வழக்கம். நிரல்கள் இணைப்பின் பெயரையே அழைக்கும். பதிப்பு மாறினால் இணைப்பு மட்டும் திரும்பும். லாக்4ஜே ஓட்டைக்கு டெபியன் சில நாட்களுக்குள் திருத்தம் தந்தது. அந்தப் பொது ஜாரை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு ஓர் அப்டேட், ஒரு ரீஸ்டார்ட்டோடு வேலை முடிந்தது.

அப்படியானால் எல்லோரும் ஏன் இதைச் செய்வதில்லை? பொதுத் தொட்டியின் தண்ணீரை மாற்றினால் அது எல்லா வீட்டுக்கும்தான் போகும். ஒரு நிரலுக்காக நூலகத்தைப் புதுப்பித்தால், பழைய பதிப்பை நம்பி எழுதிய வேறொரு நிரல் ‘அந்த மெத்தட் இல்லை’ என்று பாதி வழியில் விழும். சி மொழியின் பகிர்வு நூலகங்களில் கோப்புப் பெயரோடு பதிப்பும் பதிவாவதால் பழசும் புதுசும் அருகருகே வாழ முடியும். கிளாஸ்பாத்தில் அந்த வசதி இல்லை. ஜாவா நிறுவப்பட்ட இடத்தில் ‘எக்ஸ்ட்’ என்ற கோப்புறையில் ஜாரைப் போட்டு எல்லா நிரலுக்கும் பொதுவாக்கும் வழி ஒரு காலத்தில் இருந்தது. 2017-ல் வந்த ஜாவா 9 அதையும் நீக்கிவிட்டது. இப்போது அந்தக் கோப்புறை அங்கே இருந்தாலே ஜாவா கிளம்ப மறுக்கும்.

அதனால்தான் பெரும்பாலானோர் இரண்டாம் வழிக்குப் போனார்கள்: நிரலுக்குத் தேவையான எல்லாவற்றையும் அதனுடனேயே கட்டிவிடுவது.

ஜாருக்குள் ஜார்

டிசம்பர் தேடலைக் கடினமாக்கியது இந்தக் கட்டுதான். ஸ்பிரிங் பூட் போன்ற கருவிகள் ஒரு பெரிய ஜாருக்குள் மற்ற ஜார்களை அப்படியே வைக்கும். ஃபைண்ட் கட்டளை வெளி ஜாரின் பெயரைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. இன்னும் சிலர் நூலகத்தைப் பிரித்து, அதன் கிளாஸ்களைத் தங்கள் கிளாஸ்களோடு கலந்து கட்டுவார்கள். அப்போது லாக்4ஜே என்ற கோப்புப் பெயரே எங்கும் மிஞ்சாது.

“நாங்க லாக்4ஜே யூஸ் பண்ணலையே” என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பயன்படுத்திய நூலகம் இன்னொன்றைப் பயன்படுத்தியது, அது வேறொன்றை. மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்தை ஆராய்ந்த கூகுள் குழு, 35,000-க்கும் அதிகமான ஜாவா தொகுப்புகள் பாதிக்கப்பட்டிருப்பதாக அந்த டிசம்பரிலேயே கணக்கிட்டது. மொத்தக் களஞ்சியத்தில் அது 8 சதவீதத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை லாக்4ஜே-வை நேரடியாக அழைக்கவில்லை. பல படிகள் தள்ளி, மறைமுகமாகவே சார்ந்திருந்தன.

என்ன செய்யலாம்?

* ஓடும் நிரலையே கேளுங்கள். ஜாவாவுடன் வரும் ‘ஜேசிஎம்டி’ கருவி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கிளாஸ்பாத்தைக் காட்டும். ‘வெர்போஸ் கிளாஸ்’ தெரிவுடன் நிரலைத் தொடங்கினால், ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

* ஜாரின் உள்ளே பாருங்கள். ஜாவாவின் ‘ஜார்’ கட்டளையோ, சாதாரண ‘அன்ஜிப்’ கட்டளையோ உள்ளடக்கத்தைப் பட்டியலிடும். உள்ளே இன்னொரு ஜார் தெரிந்தால் அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

* மாற்றிய பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே ஏற்றிய கிளாஸ் நினைவகத்தில்தான் இருக்கும். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையில் ஒரு ஜார் ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு வந்தால், அந்த நிரல் இன்னும் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

* பழைய ஜாரை அகற்றுங்கள். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று பெயரை மாற்றி அதே கோப்புறையில் வைத்தாலும், கடைசிப் பெயர் ஜார் என்றே இருந்தால் நட்சத்திரக் குறி அதையும் அள்ளிக்கொள்ளும்.

* பட்டியல் வைத்திருங்கள். மேவன், கிரேடில் இரண்டுமே ஒரு நிரலின் சார்புகளை மரம்போல விரித்துக் காட்டும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதைச் சேமித்து வைத்தால், அடுத்த முறை தேட வேண்டியது காகிதத்தில்தான், சர்வரில் அல்ல.

பொதுவில் வைப்பதும், தனியாகக் கட்டுவதும் அவரவர் வசதி. இரண்டிலும் நன்மை உண்டு, இரண்டுக்கும் விலை உண்டு. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதற்கு எந்த நன்மையும் கிடையாது. லாக்4ஜே-வை விசாரித்த அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம், பாதிப்புள்ள பிரதிகள் இன்னும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ கணினிகளில் தங்கியிருக்கலாம் என்று 2022 ஜூலையில் எச்சரித்தது. அந்தக் காலக்கெடு இன்னும் முடியவில்லை. நீங்கள் கவனித்துக்கொள்ளும் சர்வர் ஒன்று இருந்தால், அந்த வெள்ளிக்கிழமைக் கேள்வியை இன்றைக்கு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.