ஆணழகன் போட்டியும் உடல்நலமும்

ஆணழகன் போட்டி என்பது எடைப்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் வளர்த்த தசைகளை மேடையில் காட்டி, நடுவர்களின் கண்மதிப்பீட்டால் வெற்றி தோல்வி முடிவாகும் போட்டியாகும். இதற்கான பயிற்சிமுறை உடற்கட்டு என்றும் பாடிபில்டிங் என்றும் வழங்கப்படுகிறது. பளுதூக்கும் போட்டியில் எத்தனை கிலோ தூக்கினார் என்பதே கணக்கு. ஆணழகன் மேடையில் எதையும் தூக்க வேண்டியதில்லை. தசையின் பருமன், இடவல ஒத்திசைவு, தோலுக்கு அடியில் கொழுப்பு எவ்வளவு குறைவாக உள்ளது என்பவையே பார்க்கப்படுகின்றன. தமிழில் வழங்கும் பெயரே இதைச் சரியாகச் சொல்லிவிடுகிறது: அவர் 'அழகன்', 'வல்லவன்' அல்லர்.

பழைய ஊர் வழக்கம் வேறாக இருந்தது. தென்மாவட்டச் சிற்றூர்களில் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுபவனே பெண் கேட்கத் தகுந்தவன் என்ற பேச்சு உண்டு. அங்கும் உடலுக்குச் சமூக மதிப்பு இருந்தது. ஆனால் மதிப்பிடப்பட்டது செயல், தோற்றம் அன்று.

சாண்டோ

தோற்றத்தையே போட்டியாக்கியவர் யூஜின் சாண்டோ (1867–1925). பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற இவர், முதலில் சங்கிலி அறுப்பது, குண்டு தூக்குவது போன்ற வித்தைகளைக் காட்டி வந்தார். மக்கள் அவர் தூக்கும் எடையைவிட அவருடைய உடலைப் பார்க்கவே அதிகம் விரும்பினார்கள் என்பது விரைவில் தெரிந்தது. 1901 செப்டம்பர் 14 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியே முதல் பெரிய உடற்கட்டுப் போட்டியாகக் கருதப்படுகிறது. சாண்டோவுடன் சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் ஆகியோர் நடுவர்களாக அமர்ந்தனர். டாயில் மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பது பலர் மறந்துவிடும் செய்தி.

அந்தப் போட்டியின் விதிகள் கவனிக்கத்தக்கவை. பொதுவான உடல் வளர்ச்சி, உறுப்புகளின் சமநிலை, தசையின் உறுதி, பொதுவான உடல்நலம், தோலின் நிலை என ஐந்து அளவுகோல்கள் வைக்கப்பட்டன. மிகப் பெரிய தசை உள்ளவர் என்பதற்காக மட்டும் பரிசு இல்லை என்பது சாண்டோவின் நிலைப்பாடு. உடல்நலமும் மதிப்பெண்ணில் சேர்ந்திருந்தது. இன்றைய போட்டி விதிகளில் அந்த நான்காவது அளவுகோல் இல்லை. மற்றவை ஏதோ ஒரு வடிவில் தொடர்கின்றன.

1905-ல் சாண்டோ இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்து காட்சிகள் நடத்தினார். அவர் பெயர் தமிழிலும் தங்கிவிட்டது. தேவர் பிலிம்ஸ் நிறுவனர் எம். எம். ஏ. சின்னப்பா தேவர் உடற்பயிற்சியில் ஈடுபட்டவர் என்பதால் 'சாண்டோ' சின்னப்பா தேவர் ஆனார். கையில்லாத உள்பனியனைச் 'சாண்டோ பனியன்' என்று கேட்டு வாங்குகிறோம்.

மனோகர் ஐச்

இந்திய உடற்கட்டு வரலாற்றில் நீண்ட ஆயுளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் மனோகர் ஐச். இன்றைய வங்கதேசத்தின் கொமில்லா மாவட்டத்தில் 1912 மார்ச் 17-ல் பிறந்தார். சிறுவயதில் கருங்காய்ச்சலால் உடல் நலிந்தது. அதிலிருந்து மீளவே தண்டால், பஸ்கி முதலிய பயிற்சிகளில் இறங்கினார். பின்னர் பிரித்தானிய இந்திய விமானப்படையில் சேர்ந்தார். அங்கே ஓர் ஆங்கில அதிகாரியை அறைந்ததற்காகச் சிறை சென்றார். சிறையிலும் பல மணிநேரம் பயிற்சி செய்தார். நாடு விடுதலை பெற்றபோது வெளியே வந்தார்.

இதே தலைமுறையைச் சேர்ந்த மனோதோஷ் ராய் 1951-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் பிரிவில் பட்டம் வென்றார். அதே ஆண்டு கலந்துகொண்டு பட்டத்தைத் தவறவிட்ட ஐச், இலண்டனிலேயே தங்கி ரயில்வேயில் வேலை பார்த்தபடி பயிற்சியைத் தொடர்ந்து, 1952-ல் தம் பிரிவில் வென்றார். அப்போது அவருக்கு வயது 40. உயரம் ஐந்து அடிக்கும் குறைவு. 'பாக்கெட் ஹெர்குலிஸ்' என்று அழைக்கப்பட்டார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் என வங்காளி வீட்டுச் சாப்பாடே அவர் உணவு. புகையும் மதுவும் கிடையாது. 2016 ஜூன் 5-ல், 104-ஆம் வயதில் கொல்கத்தாவில் காலமானார்.

ஒருவர் நூறாண்டு கடந்து வாழ்ந்ததால் உடற்கட்டு ஆயுளை நீட்டும் என்று முடிவு செய்வது பிழை. புகை பிடித்தும் தொண்ணூறைத் தாண்டியவர்கள் உண்டு. சாண்டோவே 58 வயதில் இறந்தவர்தாம். ஆனால் ஐச் பட்டம் வென்ற ஆண்டு முக்கியமானது. தசை வளர்க்கும் மருந்துகள் இந்தத் துறையை முழுமையாகப் பிடித்துக்கொள்வதற்கு முந்தைய காலம் அது.

மருந்து நுழைந்தபின்

ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் 1935-ல் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. அதற்கான வேதியியல் ஆய்வில் ஈடுபட்ட பூட்டனான்ட், ருசிக்கா இருவரும் 1939-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். 1958-ல் சீபா நிறுவனம் 'டயனபால்' என்ற மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டெஸ்டோஸ்டிரோனும் அதை மாற்றியமைத்துச் செய்த இத்தகைய மருந்துகளும் அனபாலிக் ஸ்டீராய்டு எனப்படுகின்றன. ஆஸ்துமா, மூட்டுவலி ஆகியவற்றுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சுரப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும் நோயால் தசை கரைந்தவர்களுக்கும் இவை உண்மையிலேயே பயன்படும் மருந்துகள். சிக்கல் அளவில் உள்ளது. தசைக்காக எடுப்போர் மருத்துவ அளவைப்போலப் பல மடங்கு எடுக்கிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்தும் எடுக்கிறார்கள். தசைச் செல்லில் புரத உற்பத்தியைத் தூண்டும் அதே பொருள் இதயத் தசையையும் தடிக்கச் செய்கிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைந்து கெட்ட கொழுப்பு கூடுகிறது. சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் கெட்டியாகிறது. மாத்திரை வடிவ மருந்துகள் கல்லீரலில் சிதையாதபடி வடிவமைக்கப்பட்டவை. அதனாலேயே கல்லீரலைக் கெடுக்கின்றன. வெளியிலிருந்து சுரப்பு வந்து குவிவதால் மூளை, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. விரை சுருங்கி விந்தணு எண்ணிக்கை வீழ்கிறது. மிகுதியான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் ஆணுக்கு மார்பகம் வளர்வதும் உண்டு. ஆணழகன் ஆக ஊசி போட்டுக்கொண்டவருக்கு இது நேர்வது கொடுமைதான். வளரும் வயதினர் எடுத்தால் எலும்பின் வளர்முனைகள் முன்கூட்டியே மூடி உயரம் நின்றுவிடும்.

மருந்தை நிறுத்தினால் உடனே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சொந்தச் சுரப்பு மீண்டும் தொடங்கப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் சோர்வும் மனச்சோர்வும் வருகின்றன. தசை வற்றுவது கண்ணாடியில் தெரிகிறது. பலர் மறுபடி ஊசிக்குத் திரும்புவது இங்கேதான்.

2017-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் எடைப்பயிற்சி செய்யும் 140 ஆண்களின் இதயம் ஒப்பிடப்பட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையிலிருந்து வெளியேறும் இரத்தத்தின் பங்கு, ஸ்டீராய்டு எடுக்காத 54 பேரிடம் சராசரியாக 63 விழுக்காடாக இருந்தது. எடுத்த 86 பேரிடம் அது 52 விழுக்காடு. இரு தரப்பாரும் தூக்கியது ஒரே இரும்பைத்தான். டென்மார்க்கில் உடற்பயிற்சிக்கூடச் சோதனையில் மருந்துப் பயன்பாடு உறுதியான 545 ஆண்களைப் பின்தொடர்ந்தபோது, அதே வயதுள்ள மற்ற ஆண்களைவிட அவர்களிடையே இறப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இவர்கள் மேடை ஏறிய வீரர்கள் அல்லர், சாதாரணமாக ஜிம்முக்குப் போகிறவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மேடை ஏறியவர்கள் பற்றிய ஆய்வு 2025-ல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வந்தது. 2005-க்கும் 2020-க்கும் இடையே சர்வதேசக் கூட்டமைப்பின் போட்டிகளில் கலந்துகொண்ட 20,286 ஆண்களில் 121 பேர் இறந்திருந்தனர். இறந்தபோது அவர்களின் சராசரி வயது 45. ஐந்தில் ஏறக்குறைய இருவர் திடீர் இதய நிறுத்தத்தால் இறந்தவர்கள். தொழில்முறை வீரர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. அதாவது, வெற்றிப்படியில் மேலே போகப்போக ஆபத்தும் கூடியது.

மேடை நாள்

மருந்தே எடுக்காதவருக்கும் போட்டி நாள் நலமான நாள் அன்று. தசையின் வரிகள் தெரிய வேண்டுமானால் தோலடிக் கொழுப்பு போக வேண்டும். மருந்து எடுக்காத ஒரு வீரரை ஓராண்டு கண்காணித்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஆறு மாதத் தயாரிப்பில் அவருடைய உடற்கொழுப்பு 14.8 விழுக்காட்டிலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 53-லிருந்து 27-க்கு இறங்கியது. டெஸ்டோஸ்டிரோன் நான்கில் ஒரு பங்காக வீழ்ந்தது. தூக்கும் வலிமையும் குறைந்தது. பார்வையாளர் கைதட்டும் அந்த நிமிடத்தில் அவர் உடல், பட்டினியைத் தாங்கக் கற்றுக்கொண்ட உடல்.

இதற்கு மேல், கடைசி நாட்களில் உப்பையும் தண்ணீரையும் குறைப்பவர்கள் உள்ளனர். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளை விழுங்குவோரும் உள்ளனர். அப்போது பொட்டாசியம் அளவு தடுமாறி இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். ஆஸ்திரிய வீரர் ஆண்ட்ரியாஸ் முன்சர், தோலின் மெல்லிய தன்மைக்காக உலகெங்கும் வியக்கப்பட்டவர். 1996 மார்ச் மாதம், ஒரு பெரிய போட்டி முடிந்த சில நாட்களில், உறுப்புகள் செயலிழந்து 31 வயதில் இறந்தார்.

தோற்றத்தின் மதிப்பு

ஆபத்து தெரிந்தும் இளைஞர்கள் ஏன் இதில் இறங்குகிறார்கள் என்ற கேள்விக்கு 'அறியாமை' என்று மட்டும் பதில் சொல்வது பொருந்தாது. கட்டான உடல் மதிப்பைத் தருகிறது. வங்காளிகள் கோழைகள் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்த காலத்தில், அங்கே உடற்பயிற்சிக் கூடங்கள் நாட்டுப்பற்றின் களங்களாகவே இருந்தன. இன்று அது வேலையாகவும் வரலாம். விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ரயில்வே போன்ற துறைகள் உடற்கட்டு வீரர்களையும் எடுத்ததுண்டு. சென்னையைச் சேர்ந்த எஸ். பாஸ்கரன் 2019-ல் இத்துறைக்காக அர்ஜுனா விருது பெற்றார். பணமோ படிப்போ சிபாரிசோ இல்லாத வீட்டுப் பையனுக்கு, தன் உழைப்பால் மட்டுமே மாற்றிக்காட்டக்கூடிய ஒன்றாக உடல் இருக்கிறது. ஷங்கர் இயக்கிய 'ஐ' (2015) படத்தின் நாயகன், மிஸ்டர் தமிழ்நாடு பட்டத்துக்கு ஆசைப்படும் வடசென்னை இளைஞன். அவனுக்குக் கிடைக்கும் ஏற்றமும் பிறகு வரும் வீழ்ச்சியும் உடல் தோற்றத்தின் வழியாகவே நேர்கின்றன.

அளவுகோலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமெரிக்கச் சிறுவர்களின் ஜி.ஐ. ஜோ படைவீரன் பொம்மையை மனநல மருத்துவர் ஹாரிசன் போப் குழுவினர் அளந்து பார்த்தனர். மனித உயரத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால் 1964 பொம்மையின் புஜம் 12.2 அங்குலம். 1990-களின் பிற்பகுதியில் வந்த 'எக்ஸ்ட்ரீம்' பொம்மைக்கு 26.8 அங்குலம். எந்த மனிதனுக்கும் எட்டாத அளவு அது. எவ்வளவு வளர்ந்தாலும் தான் ஒல்லியாகவே இருப்பதாக நம்பி வருந்தும் மனநோயை விவரித்தவர்களும் இதே குழுவினர்தாம். நல்ல உடற்கட்டு உள்ள பையன் சட்டையைக் கழற்றக் கூசுவதும், விருந்துக்குப் போனால் பயிற்சி தப்பிவிடும் என்று வீட்டிலேயே கிடப்பதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். பெற்றோர் இதை ஒழுக்கம் என்று பாராட்டிவிடுகிறார்கள்.

இந்தியாவில் இந்த ஊசிகள் மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்கவேண்டிய மருந்துகள். எனினும் ஜிம்மிலேயே கைமாறுவது நடக்கிறது. மயக்க மருந்து நேரத்தில் இரத்த அழுத்தத்தை உயர்த்தப் பயன்படும் மெஃபென்டர்மின் ஊசியைக்கூடக் களைப்பு தெரியாமல் இருக்கப் போட்டுக்கொள்கிறார்கள். புரதப்பொடி இவற்றோடு சேராது. அது உணவுதான், சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் போதும், எடைப்பயிற்சி செய்வோருக்கு 1.6 கிராம் வரை பயன்படும். பருப்பு, முட்டை, பால், மீன் ஆகியவற்றிலிருந்தும் இதைப் பெறலாம்.

எடைப்பயிற்சியும் முதுமையும்

இவ்வளவும் எடைப்பயிற்சிக்கு எதிரான வாதம் அன்று. நடுவயதுக்குப் பின் மனிதனுக்குத் தசை ஆண்டுதோறும் கரைகிறது. அதைத் தடுக்க எடைப்பயிற்சியைவிடச் சிறந்த வழி அறியப்படவில்லை. உண்ட சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசையே என்பதால் நீரிழிவுக்கும் அது நல்லது. எலும்பும் உறுதிப்படுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி தரவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது பெண்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பொருந்தும். எடை மிகும்போது மூட்டு தாங்காது என்பதும் உண்மை. 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா வென்ற ரோனி கோல்மன், முதுகெலும்பிலும் இடுப்பிலும் பல அறுவைசிகிச்சைகளுக்குப் பின் ஊன்றுகோல் பிடித்து நடப்பவர் ஆனார்.

இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் பயன்பட்ட கருவி கையால் அழுத்திப் பார்க்கும் ஒரு சிறு பிடிமானி மட்டுமே. கைப்பிடி வலிமை 5 கிலோ குறையக் குறைய இறப்பு ஆபத்து 16 விழுக்காடு கூடுவது அதில் தெரிந்தது. வரும் ஆண்டுகளில் இறக்கும் ஆபத்தை இரத்த அழுத்தத்தைவிட அது நன்றாகச் சுட்டியது. கைப்பிடி வலிமைக்குப் புகைப்படத்தில் இடமில்லை; எண்பது வயதில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும், பேருந்துப் படியின் கம்பியைப் பற்றி ஏறும்போதும்தான் அது வெளியே தெரியும்.