வீடே பள்ளியானால்...

தை மாதத்து மாலை. சம்பா அறுவடை முடிந்து, களங்களில் வைக்கோற்போர்கள் எழும்பி நின்றன. திரிகால செபத்திற்கான மணி அடித்து ஓய்ந்த வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த கணவனும் மனைவியும் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்து சேர்ந்தனர். ஆறு பிள்ளைகளைப் பெற்ற குடும்பம். ஒரு காலத்தில் நம் பக்கத்தில் ஆறு என்பது எண்ணிக்கையே அன்று; இன்றோ ஊர் திரும்பிப் பார்க்கிறது.

"தோத்திரம் சாமி. ஒரு யோசனை கேட்க வந்தோம்" என்றார் கணவர்.

அவர் சில ஆண்டுகள் அயல்நாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பரம்பரை நிலத்தில் மீண்டும் ஏர் பிடித்தவர். அங்கே உடன் வேலை செய்த அமெரிக்கக் கிறிஸ்தவர் ஒருவரின் வீட்டைக் கண்டிருக்கிறார். எட்டுப் பிள்ளைகள், எவரும் பள்ளிக்குச் செல்வதில்லை. தாய் ஆசிரியை, உணவு மேசையே வகுப்பறை. காலையில் வேதாகமம், பின்பு கணக்கு, பிற்பகலில் தோட்ட வேலை. அதைக் கண்ட நாள்முதல் அவர் உள்ளத்தில் ஓர் ஏக்கம்.

"நம் பிள்ளைகள் காலை ஏழு மணிக்கு வேனில் ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார்கள் சாமி. செபமாலைக்கு அமர்ந்தால் தூங்கி விழுகிறார்கள். கட்டணமோ விளைச்சலை விழுங்குகிறது. பள்ளியை நிறுத்திவிட்டு, எல்லோரையும் வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன?"

"யார் கற்பிப்பது?" என்று கேட்டேன்.

"நாங்கள் இருவரும் முடிந்தபோது பார்த்துக்கொள்வோம். மற்றபடி பெரியவள் இருக்கிறாளே, சாமி."

பெரியவளுக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு. நான் அன்று விடை கூறவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினேன். "பெரியவள் இருக்கிறாளே" என்ற சொல் மட்டும் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

பெற்றோரே முதல் ஆசிரியர்

அவருடைய ஏக்கத்தில் பிழை ஏதும் இல்லை. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று ஐயமின்றிக் கூறுகிறது. 1981-ல் குடும்பத்தைப் பற்றி எழுதிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், இவ்வுரிமையைப் பெற்றோர் முழுவதுமாகப் பிறர் கையில் ஒப்படைத்துவிட இயலாது என்று அறிவுறுத்தினார். ஆனால், அதே சங்க அறிக்கை மற்றொன்றையும் உடன் சொல்கிறது: குடும்பம் தனித்து நின்று இக்கடமையை நிறைவேற்ற முடியாது; சமுதாயம் முழுவதின் துணையும் அதற்குத் தேவை. முதல் பாதியைப் படித்து மகிழ்கிறவர்கள் இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

உலக நாடுகளும் இதில் ஒரே வழி நிற்கவில்லை. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனியிலோ பிள்ளை பள்ளிக்குச் சென்றே ஆக வேண்டும். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதன்படி வந்த 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிள்ளையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது அச்சட்டம். வீட்டுக்கல்வி என்ற ஒன்றை அது தனியே எடுத்துப் பேசவில்லை. வீட்டிலிருந்தே படிப்போர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இணையான தேர்வுகளை எழுதுகின்றனர்.

ஆறு பிள்ளைகளின் ஒரு நாள்

சொன்னபடி ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். என்னைக் கண்டதும் பிள்ளைகள் பாய் விரித்தனர்.

அந்த வீடு பள்ளிக்கூடந்தான் என்பதைக் கண்டு வியந்தேன். களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார்கள். ஏழு வயதுச் சிறுவன் அருகில் நின்று மரக்கால்களை எண்ணினான். "ஒன்று" என்று தொடங்காமல் "லாபம்" என்று தொடங்கினான். அது அவன் அப்பாயி கற்பித்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற கணக்கெல்லாம் அவனுக்கு விளையாட்டு. மூத்த பையன் தந்தையோடு சென்று மடை திறக்கவும் அடைக்கவும் அறிந்திருந்தான். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்பட்டால் நம் வயலுக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, வாய்க்கால் வாய்க்காலாகப் பெயர் சொல்லி விளக்கினான். இதனை எந்தப் பாடநூலில் படிக்க முடியும்?

மாலையில் செபமாலை. ஐந்து பத்துமணிகள், ஆறு பிள்ளைகள்; யார் முன்சொல்வது என்பதில் நாள்தோறும் வழக்கு. மிகச் சிறியவளுக்கு மன்றாட்டுமாலைக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பு. பாதியில் அவள் குரல் நின்றது. பார்த்தால், அப்பாயியின் மடியில் உறங்கிப்போயிருந்தாள்.

இத்தனைக்கும் நடுவே பெரியவளை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு கை அடுப்பில். ஓர் இடுப்பில் தம்பி. தங்கையின் கூட்டல் கணக்கைத் திருத்தினாள். அடுத்தவனுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அதட்டாமல், தெளிவாக, அழகாகச் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய சொந்தப் புத்தகம் சன்னல் விளிம்பில் மூடியபடியே கிடந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு நான் விடைபெற்றபோதுதான் அதனைக் கையில் எடுத்தாள்.

நம் மண்ணின் ஒரு சாட்சி

தந்தையார் என்னை வாயில் வரை கொண்டுவந்து விட்டார். அவரிடம் மாயூரத்து முன்சீப்பைப் பற்றிப் பேசினேன்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பதின்மூன்று ஆண்டுகள் நீதி வழங்கியவர். 1879-ல் வெளியான அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுகிறது. அதில் வரும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் வீட்டுக்கே வந்து பாடம் சொல்கிறார். பிள்ளை தவறு செய்தால் அடி விழுவதோ, உடன் படிக்கும் ஆசிரியரின் மகனுக்கு! நகைச்சுவையாக எழுதப்பட்டதாயினும் அதனுள் ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டின் செல்லமே பாடத்திட்டமானால், ஒருவன் கற்க வேண்டியதற்கு வேறொருவன் விலை கொடுக்க நேரும். அதே நாவலில் ஆண் வேடம் பூண்டு நாட்டை ஆளும் அளவுக்கு அறிவு பெற்றவளாக ஞானாம்பாள் என்ற பெண்ணைப் படைத்தார் ஆசிரியர். பெண் கல்விக்கென்றே தனி நூல் எழுதியவர் அவர். வீட்டிலே கற்கலாம், ஆனால் வீட்டிலுள்ள பெண்ணும் கற்க வேண்டும் என்பது அவர் கட்சி.

லிசியூ நகரத்து மற்றொரு சாட்சியையும் சொன்னேன். 2015 அக்டோபர் 18-ல் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட லூயி மார்ட்டின், செலி தம்பதியருக்குப் பிறந்தவர் ஒன்பது பேர்; எஞ்சியவர் ஐந்து பெண்கள். கடைக்குட்டியே நம் குழந்தை தெரேசம்மாள். 1877-ல் தாய் இறந்தபின், அக்காள் பவுலினே சிறுமிக்கு வீட்டில் பாடம் சொன்னார். எட்டரை வயதான பின்னரே, 1881 அக்டோபரில், தெரேசா பெனடிக்டைன் கன்னியர் பள்ளியில் காலெடுத்து வைத்தார். அங்கே அவர் பட்ட மன வேதனையைக் காணும்போது, வீட்டுக் கல்வியே மேல் என்று தோன்றும். உண்மைதான். ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. தங்கைக்குக் கற்பித்த அந்த அக்காள், அதற்கு முன்பே லெ மான்ஸ் நகரில் கன்னியர் பள்ளியில் தங்கிப் படித்துத் தேறியவர். தான் பெற்றதைக் கொடுத்தார். தன்னை இழந்து கொடுக்கவில்லை.

எல்லா வீடும் ஒரே வீடன்று

நிற்க. வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசும் தமிழர் எவரும் 1953-ஐ மறக்க முடியாது. அவ்வாண்டு இராசாசி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் கற்க வேண்டும் என்பது திட்டம். குலக்கல்வி என்று நாடு அதனை எதிர்த்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. காரணம் எளிது: வீடு தன்னிடம் உள்ளதைத்தான் பிள்ளைக்குத் தர முடியும். புத்தகம் உள்ள வீடு புத்தகத்தைத் தரும்; பண்ணையாளின் வீடு பண்ணை வேலையைத் தரும். நம் காவிரிப் பாசனப் பகுதியில் எத்தனையோ சேரிப் பிள்ளைகளுக்கு, கோயிலை அடுத்த ஓட்டுக் கூரைப் பள்ளிதான் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் ஒரே வாசலாக இருந்தது. 1982-ல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் அவர்களுக்கு இன்றும் பள்ளியில்தான் கிடைக்கின்றன.

கொரோனாக் காலமும் இதையே நமக்குக் காட்டியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள் ஒவ்வொரு வீடும் பள்ளியாயிற்று. தாயும் தந்தையும் படித்திருந்த வீட்டில் பிள்ளை வளர்ந்தான். கைப்பேசி ஒன்றுக்கு நான்கு பிள்ளைகள் காத்திருந்த வீட்டில் எழுத்தையே மறந்தான். அவ்விழப்பை ஈடுசெய்யவே 'இல்லம் தேடிக் கல்வி'த் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் தெருத் தெருவாக வர நேர்ந்தது.

என் வீட்டுப் பள்ளி

இனி, அன்றிரவு என்னை உறங்கவிடாத காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் எட்டுப் பிள்ளைகள். தந்தை குத்தகை விவசாயி. பள்ளியில் சேருமுன்பே நான் எழுதப் படிக்க அறிந்திருந்தேன். எனக்குக் கற்பித்தவர் என் மூத்த அக்காள். முறத்தில் நெல்லைப் பரப்பி, என் விரலைப் பிடித்து 'அ'னா எழுத வைத்தார். சின்னக் குறிப்பிடத்தை வரி வரியாகச் சொல்லி மனப்பாடம் செய்வித்தார். நான் குருமடத்தில் சேர்ந்தபோது, "வீட்டிலேயே நல்ல அடித்தளம் போட்டிருக்கிறார்கள்" என்று ஆசிரியர்கள் பாராட்டினர். நானும் எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பெருமையாகவே பல மறையுரைகளில் பேசியிருக்கிறேன்.

அக்காள் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். எங்களைத் தூக்கி வளர்க்க ஆள் வேண்டும் என்பதற்காக நிறுத்தப்பட்டார். வகுப்பில் முதல் மாணவி என்பதைப் பிற்காலத்தில் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். எங்களில் நால்வர் பட்டம் பெற்றோம்; ஒருவன் குருவானேன். எங்கள் பள்ளிக்கு ஆசிரியை கிடைத்தார். ஆசிரியைக்குப் பள்ளி கிடைக்கவில்லை. அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. அதனாலேயே நாங்களும் ஒருநாளும் கேட்டதில்லை.

இதை அந்தத் தந்தையிடம் வாயிலிலே நின்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே விளக்கடியில் மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கணவனும் மனைவியும் வந்து தங்கள் முடிவைத் தெரிவித்தனர். கட்டண வேனை விட்டு, சிறியவர்களை நடந்துபோகும் தொலைவிலுள்ள ஊர்ப் பள்ளியில் ஜூன் மாதம் சேர்ப்பது. பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்பது. மாலை ஆறரை முதல் எட்டு வரை வீட்டுப் பள்ளி நடைபெறும். ஆசிரியர்கள் தாயும் தந்தையும் அப்பாயியும். பெரியவளுக்கு அந்நேரத்தில் ஒரே வேலை: தன் புத்தகத்தைத் திறப்பது.

அன்புள்ள பெற்றோரே, வீட்டைப் பள்ளியாக்குங்கள். அதற்காகப் பள்ளியை மூட வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரமாவது கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்துப் பிள்ளைகளோடு அமருங்கள். வேதாகமத்தில் ஒரு பகுதியை அவர்களைக் கொண்டே வாசிக்கச் செய்யுங்கள். களத்துக் கணக்கையும் வாய்க்கால் பெயர்களையும் கற்பியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கதை சொல்லலாம். பிள்ளை படிப்பதைக் கேட்டு மகிழலாம். இவற்றையெல்லாம் செய்யத் தொடங்குமுன், உங்கள் வீட்டில் யாருடைய புத்தகம் மூடியபடி கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

என் அக்காளுக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. இவ்விதழ் வந்ததும் கண்ணாடி அணிந்து, வரிக்குக் கீழே விரல் வைத்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிப்பது அவர் வழக்கம். இக்கட்டுரையையும் படிப்பார். நேரிலே சொல்ல எனக்கு நா எழவில்லை. இங்கே சொல்லிவிட்டேன், அக்கா.