12,150 புட்டிங் கப்... 12 லட்சம் மைல்! விமானப் பிரியர்களின் சலுகை வேட்டை நடப்பது எப்படி?

1999-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கடை கடையாக ஏறி இறங்கி, அலமாரியில் இருந்த சாக்லேட் புட்டிங் கப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்தார் ஒருவர். எதற்கு இவ்வளவு என்று கேட்டவர்களிடம், ஒய்2கே வரப்போகிறதே, அதற்கு ஸ்டாக் வைக்கிறேன் என்று சமாளித்தார். உண்மையில் அவருக்குப் புட்டிங் தேவையே இல்லை. அதன் மேல் இருந்த பார்கோடுதான் தேவை.

அவர் டேவிட் ஃபிலிப்ஸ், சிவில் இன்ஜினீயர். ‘ஹெல்தி சாய்ஸ்’ உணவுப் பொருட்களின் 10 பார்கோடுகளை அனுப்பினால் 500 விமான மைல்கள், சீக்கிரம் அனுப்பினால் 1,000 என்று ஒரு சலுகை ஓடிக்கொண்டிருந்தது. அந்த பிராண்டில் அவருக்குச் சிக்கிய மலிவான பொருள் 25 சென்ட் புட்டிங். ஆக, இரண்டரை டாலருக்கு 1,000 மைல். கணக்குப் போட்ட மனுஷன் 12,150 கப் வாங்கிவிட்டார். செலவு சுமார் 3,140 டாலர்.

அடுத்த சிக்கல்: கெடு தேதிக்குள் இத்தனை பார்கோடை யார் உரிப்பது? சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பிடம் போனார். புட்டிங் உங்களுக்கு, பார்கோடு எனக்கு. இதுதான் டீல். நன்கொடை கொடுத்ததற்காக 800 டாலருக்கு மேல் வரிச்சலுகை வேறு! கடைசியில் கணக்கில் ஏறியது 12 லட்சத்து 50 ஆயிரம் மைலுக்கு மேல். அப்போது அமெரிக்காவுக்குள் போய்வர ஒரு டிக்கெட்டுக்கு 25,000 மைல் போதும். அப்படிப் பார்த்தால் 50 டிக்கெட். 2002-ல் வந்த ‘பஞ்ச் டிரங்க் லவ்’ படத்தில் ஹீரோ புட்டிங் வாங்கிக் குவிப்பது இவர் கதையை வைத்துத்தான்.

மைல் வேட்டைக்காரர்கள் நடுவில் ஃபிலிப்ஸ் கிட்டத்தட்ட குலசாமி. ஆனால், இன்று யாராவது இப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால் அவருக்கு முன்னால் ஒரு தர்மசங்கடம் நிற்கும். நண்பர்களிடம் சொல்லலாமா, கூடாதா?

சொன்னால் என்ன ஆகும்?

அமெரிக்க நாணயச் சாலையின் கதையைப் பாருங்கள். ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்தில் விட, 2008-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நாணயத்தின் மதிப்பு என்னவோ அதுதான் விலை, டெலிவரி இலவசம், கிரெடிட் கார்டும் ஏற்கப்படும். வேட்டைக்காரர்களுக்கு இது போதாதா? ஆயிரக்கணக்கில் ஆர்டர் போட்டார்கள். பெட்டி வந்ததும் நேராக பேங்கில் கட்டி, அந்தப் பணத்திலேயே கார்டு பில்லை அடைத்தார்கள். கைக்காசு செலவில்லை, மைல் மட்டும் மிச்சம். கனமான பெட்டிகளைச் சுமந்த தபால்காரர்தான் பாவம். விஷயம் ஊடகங்களில் வந்து ஊருக்கே தெரிந்த பிறகு, 2011 ஜூலையில் இந்தத் திட்டத்தில் கிரெடிட் கார்டு வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

யாரும் சொல்லாமல் இருந்தால் நண்பர்களுக்கே தெரியாது. எல்லோரும் சொன்னால் யாருக்குமே கிடைக்காது. அதனால்தான் இந்தக் குழுக்களில் பாதிப் பேச்சு ஜாடையாகவே நடக்கும். ஊர்ப் பெயருக்குப் பதில் ஏர்போர்ட்டின் மூன்றெழுத்துக் குறியீடு, அதுவும் பாதி நேரம் கிண்டலுக்கு நடுவே. புதிதாக வந்தவர் ‘எந்த சைட்டுங்க?’ என்று வெளிப்படையாகக் கேட்டால் பெரும்பாலும் நக்கல்தான் பதில்.

இவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. விமான நிறுவனம் தவறிப்போய் அடிமாட்டு விலைக்கு டிக்கெட் போட்டிருந்தால், அதற்குப் பெயர் ‘மிஸ்டேக் ஃபேர்’. அது சிக்கினால், ‘ஏர்லைன்ஸுக்கு போன் மட்டும் போட்டுடாதீங்க!’ ஒருவர் போன் போட்டு விசாரித்தால் போதும், அந்தப் பக்கம் உஷாராகிவிடும்.

போன் போடாவிட்டாலும் டிக்கெட் நிச்சயம் என்றில்லை. 2019 புத்தாண்டு நேரத்தில் கேத்தே பசிபிக், சுமார் 16,000 டாலர் பெறும் வியட்நாம் - நியூயார்க் பிசினஸ் கிளாஸ் பயணத்தை 675 டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவர்களை அப்படியே பறக்க விட்டது. ஆனால், 2015 பிப்ரவரியில் யுனைடெட் நிறுவனத்தின் டென்மார்க் இணையதளத்தில் நாணய மாற்றுக் கணக்கு குளறுபடியாகி, லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு முதல் வகுப்பு டிக்கெட் 100 டாலருக்கும் கீழே வந்தபோது கதை வேறு. ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள், நிறுவனம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் நிறுவனத்தை நிர்ப்பந்திக்க முடியாது என்றுவிட்டது.

மைல் யாருடையது?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியபோது நோக்கம் எளிது. அடிக்கடி பறப்பவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடக் கூடாது. இப்போது நிறுவனங்கள் மைல்களை வங்கிகளுக்கு விற்கின்றன, வங்கிகள் கார்டு வழியாக வாடிக்கையாளருக்குத் தருகின்றன. இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்றால், 2020 கொரோனா காலத்தில் யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்தே 680 கோடி டாலர் திரட்டியது.

விதியை எழுதுபவர்களும் நிறுவனங்கள்தான். ஒரு காலத்தில் மலிவான டிக்கெட்டில் ஊரைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, இறங்கிய கையோடு திரும்பி வருவார்கள். ‘மைலேஜ் ரன்’ என்பார்கள். எவ்வளவு தூரம் பறந்தோம் என்பதை வைத்து மைல் தந்ததால் வந்த பழக்கம் இது. 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும், எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதை வைத்து மைல் தர ஆரம்பித்தன. அந்த ஆட்டம் அதோடு படுத்துவிட்டது.

நம்மூரிலும் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, மைல் சேர்த்து வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். அந்தத் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால், பிறகு ‘இன்டர்மைல்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தது. ஆனால், எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அதுதான் இல்லை.

பழைய வேட்டைக்காரர்கள் மைலைப் பூட்டி வைப்பதில்லை, வந்ததும் செலவழித்துவிடுகிறார்கள். கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியாதவர் இந்தப் பக்கமே வராதீர்கள் என்பார்கள். இந்தியாவில் பல கார்டுகளில் மாத வட்டியே 3 சதவீதத்துக்கு மேல். அதற்கு முன்னால் எந்த மைலும் நிற்காது. மிஸ்டேக் ஃபேர் சிக்கியவருக்கு அவர்கள் சொல்வது: ஓரிரு வாரம் பொறுங்க, டிக்கெட் ரத்தாகலைன்னு தெரிஞ்ச பிறகு ஹோட்டல் போடுங்க, லீவு கேளுங்க.