குதிரைக் கருவை உறைய வைத்துப் பாதுகாத்தல்

பசுவிற்குச் சினை ஊசி போடும்போது, வெண்புகை எழும் கலனிலிருந்து உறைவிந்துக் குச்சியை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்கலனில் இருப்பது திரவ நைட்ரஜன். அதன் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 196 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் விந்து பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். விந்தை மட்டுமன்றி, கருவையே இவ்வாறு சேமித்து, பின்னர் வேறொரு தாயின் கருப்பையில் வளர்க்கவும் இன்று இயலும். குதிரையில் இது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைக் காண்போம்.

தேவை என்ன?

2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 6.25 லட்சம் இருந்தன. 2019இல் அவை சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி, லடாக்கின் சன்ஸ்காரி போன்ற நாட்டு இனங்களைக் காப்பது அவசியமாகிவிட்டது. இனத்தில் எண்ணிக்கை குறையக் குறைய, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடந்து குறைபாடுகள் பெருகும்.

பெண் குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். எவ்வளவு உயர்ந்த குதிரையானாலும் ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் ஈன இயலாது. அதன் கருவை எடுத்துச் சாதாரணக் குதிரையின் கருப்பையில் வைத்தால், உயர்ந்த குதிரை மீண்டும் பருவத்திற்கு வந்து அடுத்த கருவைத் தரும். கரு தருவதைக் கொடைத்தாய் என்றும், அதைச் சுமப்பதை ஏற்புத்தாய் என்றும் அழைக்கலாம். குட்டியின் இனப்பண்புகள் கொடைத்தாயையும் பொலிகுதிரையையும் சார்ந்தவை.

கருவை எடுக்கும் முறை

1. கொடைத்தாய் பருவத்திற்கு வந்ததும் ஸ்கேன் கருவி மூலம் முட்டை வெளியாகும் நாளைக் கணித்து, இயற்கையாகவோ ஊசி மூலமோ இணை சேர்க்கின்றனர்.

2. குறித்த நாளில் கருப்பைக்குள் மென்மையான குழாயைச் செலுத்தி, தூய கரைசலைப் பாய்ச்சித் திரும்ப வெளியேற்றுகின்றனர். அறுவை தேவையில்லை.

3. வெளிவரும் கரைசலை வடிகட்டி, உருப்பெருக்கியின் கீழ் கருவைத் தேடி எடுக்கின்றனர்.

பசுவிற்கு ஊசி போட்டு ஒரே பருவத்தில் பல முட்டைகளைப் பெற முடிகிறது. குதிரையில் இது எளிதன்று. பெரும்பாலும் ஒரு பருவத்திற்கு ஒரு கருவே கிடைக்கும். எனவே கிடைத்ததை வீணாக்கக் கூடாது.

நாள் தவறினால் பலன் இல்லை

முட்டை வெளியாகிச் சுமார் 6 நாட்கள் வரை குதிரைக் கரு கருக்குழாயிலேயே தங்குகிறது. அதற்கு முன் கருப்பையைக் கழுவினால் எதுவும் கிடைக்காது. கருப்பைக்குள் வந்த பிறகோ அது விரைவாகப் பருக்கிறது. 8ஆம் நாளில் ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிடும். உள்ளே நீர் நிறைந்து, வெளியே உறுதியான உறை ஒன்றும் உருவாகிவிடும்.

நீர் மிகுந்த கரு குளிரைத் தாங்காது. உறைபெட்டியில் வைத்த தக்காளியை எடுத்து வெளியே வைத்தால் கூழாகிவிடுவதை அறிவீர்கள். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது திசுக்களைக் கிழித்துவிடுவதே காரணம். கருவிற்கும் இதே கதிதான். 0.3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிறு கருக்களே உறைவிப்பை நன்கு தாங்குகின்றன.

இதற்கு இரு வழிகள் கையாளப்படுகின்றன. கிளிசரால் போன்ற பாதுகாப்புப் பொருளில் கருவை ஊறவைத்து மெல்ல மெல்லக் குளிர்விப்பது பழைய முறை. செறிவான பாதுகாப்புக் கரைசலில் சிறிது நேரம் வைத்து, நொடியில் குளிர்வித்து, பனிக்கட்டி உண்டாகாமல் கண்ணாடி போல் இறுகச் செய்வது புதிய முறை. இதைக் கண்ணாடி உறைவு எனலாம். கரு பெரிதாக இருந்தால், நுண்ணிய ஊசியால் உள்நீரை உறிஞ்சிவிட்டுப் பிறகு உறைய வைக்கின்றனர்.

நடைமுறையில் கண்ட பலன்

உறைகருவிலிருந்து முதல் கன்று 1973இல் இங்கிலாந்திலும், முதல் குதிரைக்குட்டி 1982இல் ஜப்பானிலும் பிறந்தன. நம் நாட்டில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில், உறைய வைக்காத கருவை மாற்றி வைத்ததில் ‘ராஜ்-பிரதமா’ என்ற மார்வாரிக் குட்டி 2023 மே மாதம் பிறந்தது. அங்கேயே கண்ணாடி உறைவுக் கருவிலிருந்து ‘ராஜ்-ஹிமானி’ 2024இல் பிறந்தது.

உறைகருவால் மற்றொரு வசதியும் உண்டு. புதிய கருவானால் அன்றே தகுந்த ஏற்புத்தாய் ஆயத்தமாக இருக்க வேண்டும். உறைகருவோ, ஏற்புத்தாய் பருவமடைந்து உரிய நாள் வரும் வரை காத்திருக்கும்.

குதிரை வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

• பருவ நாட்களையும் இணை சேர்த்த நாளையும் தவறாமல் எழுதி வையுங்கள். நாள் தெரியாவிட்டால் இம்முறையில் எதுவும் செய்ய இயலாது.

• ஏற்புத்தாய் நல்ல உடற்கட்டும் நோயற்ற கருப்பையும் உடையதாக இருக்க வேண்டும்.

• வைக்கும் கரு ஒவ்வொன்றும் குட்டியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

• பந்தயத்திற்குரிய தரோபிரெட் இனத்தில் கருமாற்றத்தால் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை. ஆகவே செலவு செய்யுமுன் இனப்பதிவு விதிகளைக் கேட்டறியுங்கள்.

உறைய வைத்த கரு விதைநெல் போன்றது. விதைநெல் இருந்தும் விளைநிலம் இல்லையெனில் பயனில்லை. கருவைச் சுமக்க நலமான பெண் குதிரைகள் வேண்டும். ஆகவே உறைகருச் சேமிப்புடன், கொட்டிலில் உள்ள நாட்டுக் குதிரைகளையும் பேணி வளர்த்தால்தான் இனம் நிலைக்கும்.