கைக்கு எட்டும், கண்ணுக்கு எட்டும்

செங்கல்பட்டில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் மருந்துப் புட்டி ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போவேன். ‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’ என்று அதில் இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வை என்று அர்த்தம். அதன் எதிர்ப்பதம் ‘வித்தின் ரீச்’: கை நீட்டினால் கிடைப்பது.

இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். விலையைப் பற்றியும் ஆங்கிலத்தில் அப்படியே சொல்வார்கள். அதை ‘ஏழைகளுக்கு எட்டும் தூரத்தில்’ என்று எழுதினால் தமிழாகாது. ‘ஏழைகளும் வாங்கக்கூடிய விலை’ என்பதே சரி. ‘ரீச் அவுட்’ என்றால் தொடர்புகொள்வது, உதவக் கை நீட்டுவது.

கண்ணுக்கு எட்டுவதைக் காட்ட ஒருமுறை பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனேன். கடற்கரையில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 4.5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 25 மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் வரை தெரியும். பூமி வளைந்திருப்பதுதான் காரணம். பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேசுவரர் கோயில் பாறைமேல் நிற்பதால், 19ஆம் நூற்றாண்டில் அதன் உச்சியிலேயே விளக்கேற்றினார்கள். பக்கத்தில் இப்போதுள்ள கலங்கரை விளக்கம் பிறகு வந்தது. தாழ்ந்த கட்டுமரத்தில் திரும்புகிறவரின் கண்ணுக்கும் வெளிச்சம் எட்ட வேண்டுமே! அந்த அக்கறையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நெகிழும்.

தமிழில் ‘எட்டு’ என்ற ஒரே வினை கை, கண், அறிவு எல்லாவற்றுக்கும் வரும். அதை அங்கேயே விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சிறுமி கூப்பிட்டாள்:

“டீச்சர், அலைச் சத்தம் இங்கவரைக்கும் காதுக்கு எட்டுது!”