‘பத்துக்கு எத்தனை?’ நாள்பட்ட வலியை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

ஆறு மாசமா இடுப்பு வலி. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, ஓ.பி-யில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போறீங்க. டாக்டர் கேட்கிறார்: “வலி பத்துக்கு எத்தனை இருக்கும்?”

உடனே மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். அஞ்சுன்னு சொன்னா சாதாரணமா எடுத்துப்பாரோ? ஒன்பதுன்னு சொன்னா, ‘நல்லாத்தானே நடந்து வந்தார்’னு நினைப்பாரோ? கடைசியில், “ஒரு ஏழு இருக்கும் டாக்டர்” என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு வெளியே வருகிறோம்.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. வலிக்கு அப்படி ஒரு கருவி இல்லை. ஸ்கேனும் முழுசா கைகொடுக்காது. வலியே இல்லாத பலரின் எம்.ஆர்.ஐ-யிலும் டிஸ்க் பிதுக்கம் தெரியும். வலியால் துடிப்பவரின் ஸ்கேன் ‘நார்மல்’ என்றும் வரும். அதனால்தான் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியது.

அப்போ அந்த ஏழு எதுக்கு?

உங்களை உங்களோடயே ஒப்பிட. உங்க ஏழும் பக்கத்து நாற்காலிக்காரரின் ஏழும் ஒன்றல்ல. ஆனால் போன மாசம் ஏழு, இந்த மாசம் அஞ்சு என்றால் அது செய்தி. வலி இரண்டு புள்ளியோ, சுமார் 30 சதவீதமோ குறைந்தால் அதை உருப்படியான முன்னேற்றமாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். முதல் நாளே எண்ணைக் கூட்டிச் சொன்னால், அடுத்த முறை மருந்து வேலை செய்ததா என்று கண்டுபிடிப்பதுதான் சிரமமாகும்.

எண்ணைவிட அதிகம் பேசுவது வார்த்தை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975-ல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். வலியைச் சொல்லும் 78 வார்த்தைகள், 20 குழுக்களாக. நோயாளி தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்கும் இதில் பஞ்சமில்லை: குடைச்சல், குத்தல், எரிச்சல், கடுப்பு, இழுப்பு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறிப்பது, சுள்ளென்று இழுப்பது. பெங்களூரிலோ புனேயிலோ வேலைபார்க்கும்போது, ஆங்கிலத்திலோ அரைகுறை இந்தியிலோ டாக்டரிடம் பேசுகிறோம். இத்தனையும் “பெயின் டாக்டர்” என்ற ஒற்றை வார்த்தைக்குள் போய்விடுகிறது.

இழப்பு மொழிக்கு மட்டுமில்லை, சிகிச்சைக்கும்தான். பிரான்ஸ் மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட ‘டி.என்.4’ என்ற சோதனையில் பத்து அம்சங்கள். எரிச்சலா, குளிர்ந்து வலிக்குதா, ஷாக் அடிச்ச மாதிரியா, ஊசி குத்துற மாதிரியா, ஊர்ற மாதிரியா, மரத்துப்போகுதா, அரிக்குதா என்று ஏழை நோயாளியிடம் கேட்பார்கள். மூன்றை டாக்டர் தொட்டுப் பார்த்துச் சோதிப்பார். நாலுக்கு மேல் ‘ஆமாம்’ வந்தால், அல்லது சரியாக நாலு வந்தாலும், நரம்பு வலியாக இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். நரம்பு வலிக்கு பாராசிட்டமால் பெரிதாக உதவாது. பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் மாதிரி வேறு மருந்துகள் தேவைப்படலாம். (அமிட்ரிப்டிலினை கூகுள் பண்ணி, “மனச்சோர்வு மாத்திரையா? டாக்டர் நம்மை நம்பலை போல” என்று நிறுத்திவிடாதீங்க. குறைந்த அளவில் அது நரம்பு வலிக்கே கொடுக்கப்படுகிறது.) ஆங்கில வார்த்தை வரவில்லையென்றால் உவமை போதும்: “உட்கார்ந்து எழும்போது தொடையிலிருந்து பாதம்வரை கரண்ட் ஓடுற மாதிரி.”

இன்னொரு சிக்கல், ஞாபகம். “இந்த மாசம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், மிக மோசமாக வலித்த ஒரு ராத்திரியும் இன்றைய காலையும்தான் நினைவுக்கு வரும். நடுவில் இருந்த சுமாரான நாட்கள் கணக்கில் வராது. இதற்கு ‘பெக்’ என்ற சின்ன அளவுகோல் உதவும். மூன்றே கேள்விகள்: கடந்த ஒரு வாரத்தில் சராசரியாக வலி எவ்வளவு? வாழ்க்கையை ரசிப்பதை எவ்வளவு கெடுத்தது? அன்றாட வேலைகளை எவ்வளவு தடுத்தது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை போட்டு, சராசரி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் நோட்ஸில் எழுத இரண்டு நிமிஷம் ஆகும்.

மூன்றாவது கேள்விக்கு எண்ணோடு நிறுத்தாதீங்க. “இருபது நிமிஷத்துக்கு மேல் மீட்டிங்கில் உட்கார முடியலை”, “குழந்தையைத் தூக்குறதை விட்டுட்டேன்”, “மூணு மணிக்கு வலி எழுப்பிவிடுது” என்று எழுதுங்க. மூன்று மாதம் தாண்டிய வலியில் சிகிச்சையின் இலக்கு பல நேரம் பூஜ்ஜியம் இல்லை. இருபது நிமிஷம் ஒரு மணி நேரமாக மாறுவதுதான். நீங்க எதை இழந்தீங்க என்று தெரியாமல் டாக்டரால் அந்த இலக்கை வைக்க முடியாது.

எழுதி வைத்துக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, எண் மூன்றாக இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க.